இக்கரைப் புகை

திங்கட்கிழமை சாயங்காலம் ஆனால் டெல்மருக்குக் குளிர் காய்ச்சல் வந்துவிடும். கல்யாணம் ஆன நாளிலிருந்து மார்லிஸ் பார்த்துவருகிற காய்ச்சல் அது. சனியும் ஞாயிறும் ஆற்றில் தூண்டில் போட்டுவிட்டு, திங்கள் காலை பட்டறைக்குப் போய், துத்தநாகம் பூசிய ஜி.ஐ. இரும்பில் படகு ட்ரெய்லர் வெல்டிங் செய்வான். பொழுது சாய்ந்ததும் சோபாவில் இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு பல் கிட்டித்துக் கிடப்பான். மறுநாள் காலையில் ஒன்றுமே நடக்காதவன்போல எழுந்து காபி கேட்பான்.

கிளார்க்ஸ்டனில் இருக்கிற வெல்டர்கள் அத்தனை பேருக்கும் இந்தக் காய்ச்சல் தெரியும். அதற்கு மருந்தும் தெரியும். பால்! ஜி.ஐ. இரும்பைத் தொடுவதற்கு முன்னால் ஒரு பெரிய டம்ளர், தொட்ட பிறகு இன்னொரு டம்ளர். புகையின் விஷத்தைப் பால் முறித்துவிடுமாம். நெஞ்சுக்குள் போன புகையும் வயிற்றுக்குள் போன பாலும் எந்தச் சந்தில் சந்தித்துக்கொள்ளும் என்று யாரும் கேட்டதில்லை. மார்லிஸும் கேட்டதில்லை. பட்டறை ஃப்ரிட்ஜில் பால் தீராமல் பார்த்துக்கொள்வது அவள் வேலைகளில் ஒன்று.

பட்டறை அவளுக்கும் அவள் அண்ணன் ராய்ஸுக்கும் பாதிப் பாதி. அப்பா விட்டுப்போன அலுமினியப் படகுத் தொழில். ஆற்றுக்கு இந்தப் பக்கம், வாஷிங்டன் மாநிலத்தில், மார்லிஸின் கொட்டகை. படகின் உடம்பும் ட்ரெய்லரும் இங்கேதான் வெல்டிங் ஆகும். பாலத்தைத் தாண்டி லூயிஸ்டனில், ஐடஹோ மாநிலத்தில், ராய்ஸின் கொட்டகை. எஞ்சின் பூட்டுவது, பெயின்ட் அடிப்பது, விற்பது, சில்லறை ரிப்பேர் எல்லாம் அங்கே. அங்கே விலை குறைந்த பெட்ரோலுக்கும் சிகரெட்டுக்கும் இந்தப் பக்கத்து ஜனம் அந்தப் பக்கம் போகும். இங்கே சட்டப்படி விற்கிற கஞ்சாவுக்கு அந்தப் பக்கத்து ஜனம் இந்தப் பக்கம் வரும். ஆற்றின் பெயரால் சண்டை என்று எதுவும் கிடையாது, ஹால்வர்சன் வந்து சேரும் வரைக்கும்.

ஹால்வர்சன் ஸ்போக்கேன் நகரிலிருந்து வந்த வாஷிங்டன் மாநிலத் தொழிலாளர் துறை ஆய்வாளர். ஒல்லியான, மரியாதை தெரிந்த மனிதர். இலையுதிர்காலத்தில் ஒரு நாள் வந்து டெல்மரின் காலரில் ஒரு சின்னக் குழாயையும் இடுப்பில் ஒரு பம்ப்பையும் மாட்டிவிட்டார். அவன் மூச்சு இழுக்கிற காற்று எப்படி இருக்கிறது என்று அது நாள் பூராவும் உறிஞ்சிப் பார்க்குமாம். டெல்மர் மணி கட்டின மாடு மாதிரி அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வேலை செய்தான்.

சில வாரம் கழித்து ஹால்வர்சன் முடிவோடு வந்தார். ராய்ஸும் பாலத்தைத் தாண்டி வந்திருந்தான்.

"வெல்டிங் புகை, மாநிலம் வெச்சிருக்கிற அளவைத் தாண்டியிருக்குங்க," என்றார் ஹால்வர்சன். "காத்தை வெளியே இழுக்க ஏற்பாடு பண்ணணும். கிறிஸ்துமஸ் முடிஞ்சு வந்து மறுபடி அளந்து பார்ப்பேன்."

"அந்தப் பக்கம் இதே புகைக்கு என்ன சட்டம்?" என்று ராய்ஸ் கேட்டான். விற்பனைக்காரன். பதில் தெரிந்த கேள்வியைத்தான் கேட்பான்.

"ஐடஹோவுல மத்திய அரசு சட்டம்தான் சார். அதுல ஒவ்வொரு உலோகத்துக்கும் தனித்தனியா வரம்பு உண்டு. வெல்டிங் புகை மொத்தத்துக்கும்னு ஒண்ணு கிடையாது. இங்க மாநிலம் தனக்குன்னு எழுதி வெச்சிருக்கு. மத்திய சட்டத்தவிடக் கண்டிப்புல இறங்கக் கூடாது, ஏறலாம். இங்க ஏத்தி வெச்சிருக்காங்க."

"அப்போ இதே ஆளு, இதே இரும்பு, இதே புகை. பாலத்துக்கு அந்தாண்ட தூக்கிட்டுப் போனா எல்லாம் சரியாயிடும்?"

"காகிதத்துல சரியாயிடும் சார்."

"நெஞ்சுக்குள்ள?" என்றாள் மார்லிஸ்.

ஹால்வர்சன் அவளைப் பார்த்தார். பிறகு திறந்திருந்த ஃப்ரிட்ஜைப் பார்த்தார். "இத்தனை பால் யாருக்குங்க?"

விஷயத்தைச் சொன்னார்கள். அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே மார்லிஸுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. "பால் எலும்புக்கு நல்லது," என்றார் மெதுவாக. "புகைக்கு ஒண்ணும் பண்ணாதுங்க. திங்கக்கிழமை வர்ற காய்ச்சல், ரெண்டு நாள் லீவுல உடம்பு சுத்தமாகி, மறுபடி புகை உள்ள போறப்ப வர்றது. மத்த நாள்ல உடம்பு பழகிப்போய் சும்மா இருக்கு. அவ்வளவுதான்."

மார்லிஸ் ஃப்ரிட்ஜில் வரிசையாக நின்ற பால் டப்பாக்களைப் பார்த்தாள். இத்தனை வருஷமாகப் பாலைக் கொடுத்துவிட்டு, தன் பங்கைச் செய்துவிட்டதாக நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள். போன இலையுதிர்காலத்தில் வேட்டைக்குப் போனபோது டெல்மர் பாதி மலையில் உட்கார்ந்துகொண்டு, நீ போ, நான் பின்னாலேயே வரேன் என்றானே, அது வயசு இல்லை. அவளுக்குத் தன் மேல் கோபமாக வந்தது. டெல்மர் மேல் இன்னும் கோபமாக வந்தது. அவன் அந்த நேரம் ஒரு டம்ளர் பாலை ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரமே ஃபேன் வந்தது. மூடிப்போன ஒரு மரப்பட்டறையிலிருந்து வாங்கிய பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன். டெல்மரின் மேஜைக்குப் பின்னால் தகரத்தில் ஒரு கூடு அடித்து, அதற்குள் ஃபேனைப் பொருத்தி, குழாயைக் கூரைக்கு மேலே எடுத்துவிட்டார்கள். சுவிட்சைப் போட்டதும் புகை நல்ல பிள்ளையாகப் பின்னால் வளைந்து கூட்டுக்குள் போயிற்று. மார்லிஸ் கைதட்டினாள். கிரைண்டிங் வேலை செய்கிற லுவான் விசிலடித்தாள்.

டெல்மர் கைதட்டவில்லை. இரண்டு தகடும் சேருகிற இடத்தில் தான் பற்றவைத்த வரியை டார்ச் அடித்துப் பார்த்தான். அதில் ஊசிமுனை ஊசிமுனையாக ஓட்டைகள். அலுமினியம் உருகும்போது அதன் மேல் ஆர்கான் வாயு போர்வை மாதிரி மூடியிருக்க வேண்டும். காற்று அடித்தால் போர்வை விலகும், உலோகம் கொப்புளிக்கும். டெல்மரின் வரி சாதாரண வரி இல்லை. படகு வாங்க வருகிறவர்கள் எஞ்சினைப் பார்ப்பதற்கு முன்னால் குனிந்து அதைத்தான் விரலால் தடவிப் பார்ப்பார்கள். அந்த வரியில் ஓட்டை என்றால் அவனுக்கு மானம் போன மாதிரி.

அவன் ஃபேனை அணைத்தான். மார்லிஸ் வந்து போட்டாள். அவன் அணைத்தான். அவள் போட்டாள்.

"இத நான் படகுன்னு யாருக்காவது குடுக்க முடியுமா? சல்லடைன்னு வேணா விக்கலாம்," என்றான் டெல்மர்.

"சல்லடையா இருந்தாலும் பரவால்ல. உன் நுரையீரல் சல்லடையாகாம இருந்தாச் சரி."

"என் நுரையீரல் நல்லாத்தான் இருக்கு."

"ஆமா, போன வருஷம் அந்த மலை பார்த்துச்சு."

லுவான் கிரைண்டரை ஓட்டி இருவர் சத்தத்தையும் அமுக்கினாள். அவள் இல்லாவிட்டால் அந்தக் கொட்டகையில் பல சண்டைகள் முடிந்திருக்காது.

வியாழக்கிழமை மத்தியானம் வழக்கம்போல எல்லோருக்கும் சில்லியும் இலவங்கப்பட்டை ரொட்டியும். காரமான பீன்ஸ் குழம்பில் இனிப்பு ரொட்டியைத் தோய்த்துத் தின்பதை இந்த ஊரில் யாரும் விநோதமாக நினைப்பதில்லை, பள்ளிக்கூடத்திலேயே அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். அன்று ராய்ஸும் ஒரு தட்டோடு வந்து உட்கார்ந்தான்.

"தங்கச்சி, நான் ஒரு யோசனை சொல்றேன்," என்றான். அவன் தங்கச்சி என்று ஆரம்பித்தாலே மார்லிஸ் உஷாராகிவிடுவாள். "ஜனவரியிலிருந்து வெல்டிங்கை அந்தப் பக்கம் மாத்திடலாம். இடம் இருக்கு. காலர்ல குழாய மாட்ட யாரும் வரமாட்டாங்க. எஞ்சின் வேலையை நீ இங்க எடுத்துக்கோ."

"டெல்மர் இல்லாம எப்படி மாத்துவே?"

"டெல்மர் சரின்னுட்டான்."

அவள் திரும்பினாள். டெல்மர் ரொட்டியை ரொம்ப அக்கறையாகத் தோய்த்துக்கொண்டிருந்தான்.

"நீ என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"சொன்னா நீ இப்படிப் பார்ப்பேன்னு தெரியும்," என்றான் அவன். "மார்லிஸ், எனக்குத் தெரிஞ்சது இந்த ஒரு வேலை. அதைக் கேவலமா பண்ணச் சொல்லாத."

கேவலமா என்ற சொல் அவளுக்குத் தைத்தது. அவன் பிடிவாதத்துக்குப் பேசவில்லை, மனசிலிருந்துதான் பேசினான். பிடிவாதமாக இருந்தால் சண்டை போட்டு ஜெயித்துவிடலாம். பட்டறையில் பாதி அவளுடையதுதான், ஆனால் டெல்மரின் கை எந்தக் கரையில் இருக்கிறதோ அந்தக் கரையில்தான் படகு உருவாகும். அந்தக் கை பாலத்தைத் தாண்டிப் போனால் திங்கள், செவ்வாய் என்று எல்லா நாளும் அவன் புகைக்குள்ளேயே இருப்பான், கேட்பாரில்லை. அந்தப் புருஷன் அவளுக்கு இன்னும் நிறைய வருஷம் வேண்டும். சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

டிசம்பர் பாதியில் பள்ளத்தாக்கை மூடுபனி அடைத்துக்கொண்டது. கொட்டகையை வழக்கம்போல, ஃபேன் வருவதற்கு முன்பே, குளிருக்கு மூட்டை கட்டியிருந்தார்கள். ஜன்னல்களுக்கு பிளாஸ்டிக் தாள், கதவிடுக்குகளில் பழைய கம்பளத் துண்டு, சுவர் விரிசல்களில் நுரை. அந்த வேலையை நேர்த்தியாகச் செய்தவள் மார்லிஸ்தான். ஹீட்டர் சூட்டை ஒரு சொட்டுக்கூட வெளியே விடமாட்டாள்.

மார்லிஸ் ஃபேனைப் போட்டிருந்தாள், டெல்மர் வேண்டா வெறுப்பாக ட்ரெய்லர் ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். ட்ரெய்லரில் ஓட்டை விழுந்தால் அவனுக்கு அவ்வளவாக மானம் போகாது. அப்போது கழிப்பறையிலிருந்து லுவானின் குரல் கேட்டது.

"ஏய்! யாரு கதவை வெளியே பூட்டினது?"

"யாரும் பூட்டல," என்றாள் மார்லிஸ்.

"அப்புறம் ஏன் வரமாட்டேங்குது? கொஞ்ச நாளாவே இந்தக் கதவுக்கு என்மேல என்ன கோபம்னு தெரியல. டெல்மர், சிரிச்சீன்னா உன் கையுறைக்குள்ள கிரீஸ் ஊத்திடுவேன்!"

கழிப்பறைக் கதவு உள்பக்கமாகத் திறக்கிற கதவு. அதற்குள் கூரையில் ஒரு காற்றுத் துவாரம் உண்டு, அதை மட்டும் யாரும் அடைத்ததில்லை. மார்லிஸ் வெளியிலிருந்து தோளைக் கொடுத்துத் தள்ள, லுவான் உள்ளேயிருந்து இழுக்க, கதவு திறந்தது. குளிர்ந்த காற்று பெரிய சீழ்க்கையோடு கொட்டகைக்குள் பாய்ந்தது. லுவானின் தொப்பி பறந்துபோய் விழுந்தது.

லுவான் திட்டிக்கொண்டே தொப்பியை எடுத்தாள். மார்லிஸ் நகரவில்லை. இந்தக் காற்று எங்கே இவ்வளவு அவசரமாகப் போகிறது?

ஃபேனுக்குத்தான். அது வெளியே தள்ளுகிற காற்றுக்குப் பதில் காற்று உள்ளே வர வேண்டும். வருகிற வழிகளையெல்லாம் அவளே தன் கையால் அடைத்துவைத்திருக்கிறாள். கொட்டகை மூச்சுக்குக் கிடந்து தவித்துக்கொண்டிருக்கிறது. அப்படியானால் மிச்சம் இருக்கிற ஏதோ ஒரு சந்து வழியாக அது முரட்டுத்தனமாக நுழைந்தே தீரும்.

"லுவான், ஒரு சிகரெட்டைப் பத்த வையேன்."

"உள்ள பிடிச்சா கொன்னுடுவேன்னு சொன்னது நீதானே?"

"இன்னைக்கு மட்டும். குடு."

அவள் சிகரெட்டைச் சுவர் ஓரமாகப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஜன்னல்கள் பக்கம் புகை நேராக எழுந்தது. கிழக்குச் சுவரில் நேராக எழுந்தது. டெல்மரின் மேஜைக்குப் பக்கத்தில், பெரிய கதவின் அடியில், ஃபோர்க்லிஃப்ட் இடித்து ரப்பர் கிழிந்த இடம் ஒன்று இருந்தது. அங்கே குனிந்ததும் புகை படீரென்று முறிந்து, நேரே மேஜையின் மேல் பாய்ந்தது. அவள் கையை வைத்துப் பார்த்தாள். ஊசி மாதிரி குளிர் குத்தியது.

"டெல்மர். இங்க வா. கையுறையைக் கழட்டிட்டுக் கையை வை."

அவன் முணுமுணுத்துக்கொண்டே குனிந்து கையை வைத்தான். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. பிறகு தன் மேஜையைப் பார்த்தான், ஃபேனைப் பார்த்தான்.

"அப்போ ஓட்டை போட்டது ஃபேன் இல்ல," என்றான்.

"ஃபேன் இல்ல," என்றாள் அவள். "நான்தான். நான் அடைச்சு வெச்சது."

கிழிந்த இடத்தில் கம்பளத்தைத் திணித்தார்கள். எதிர்ச் சுவருக்குப் போய், தானே ஒட்டிய பிளாஸ்டிக் தாளை மார்லிஸ் சரக்கென்று கிழித்து, இரண்டு ஜன்னல்களையும் அகலத் திறந்துவிட்டாள். ஹீட்டரை உருட்டிக்கொண்டுபோய் ஜன்னலுக்குக் கீழே வைத்தாள். இப்போது காற்று தூரத்திலிருந்து, அகலமாக, சூடேறி, மெதுவாக வந்தது. கழிப்பறைக் கதவை லுவான் ஒரு விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு, "கோபம் தீந்துடுச்சு," என்று அறிவித்தாள்.

டெல்மர் ஒரு அலுமினியத் துண்டை எடுத்து மேஜையில் வைத்தான். முகமூடியை இறக்கினான். நீல வெளிச்சம் துடித்தது, புகை பின்னால் வளைந்து போயிற்று. மார்லிஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இதில் ஓட்டை இருந்தால் அவளிடம் வேறு வழி எதுவும் பாக்கி இல்லை.

அவன் முகமூடியைத் தூக்கினான். டார்ச் அடித்துப் பார்த்தான். நம்பாமல் அந்தத் துண்டை ரம்பத்தில் குறுக்கே அறுத்து, அறுத்த இடத்தைத் தேய்த்து, மூக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தான். அடுத்த துண்டை எடுத்து வைத்து, ஃபேன் ஓடிக்கொண்டிருக்க, முகமூடியை மறுபடி இறக்கினான். அவனிடமிருந்து அதற்கு மேல் பாராட்டை எதிர்பார்க்கிறவள் அவனைக் கட்டியிருக்கவே கூடாது. மார்லிஸுக்கு அது போதும். ஆஃபீஸுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள், சந்தோஷத்தில்தான்.

ஜனவரியில் ஹால்வர்சன் வந்து மறுபடியும் பம்ப்பை மாட்டினார். இந்தத் தடவை டெல்மர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை, தூண்டில் கதைகள் சொல்லி அவரை வேலை செய்யவிடாமல் அடித்தான். அளவு வரம்புக்கு நன்றாகக் கீழே இருந்தது. ராய்ஸுக்கு அதில் வருத்தமென்று சொல்ல முடியாது. படகுகள் முன்னைப் போலவே வந்துகொண்டிருந்தன, பாலத்துக்கு எந்தப் பக்கம் செய்தால் அவனுக்கென்ன. இடம் மாற்றுகிற பேச்சை அவனே விட்டுவிட்டான். திங்கட்கிழமை சாயங்காலங்களில் கம்பளிகள் மடித்தபடியே கிடந்தன. டெல்மர் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து டிவியில் வருகிற அத்தனை பேரையும் திட்டினான். மார்லிஸ் பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் திட்டுகளை ஆசையாகக் கேட்டாள்.

மார்ச்சில் ராய்ஸின் கொட்டகைக்கு அவசர ரிப்பேருக்கு ஒரு ட்ரெய்லர் வந்தது. வசந்தகால மீன்பிடிக்கு முன்னால் வேண்டுமாம். சில்லறை ரிப்பேருக்கென்று அங்கே இருந்த வெல்டர்கள் இருவரும் வேறு வேலையில் இருந்தார்கள். ஒரே ஒரு நாள் டெல்மரை அனுப்பு என்று ராய்ஸ் கேட்டான், தங்கச்சி என்று வேறு கூப்பிட்டான். மார்லிஸுக்கு மனசே இல்லை. ஆனாலும் ஒரு நாள்தானே என்று வாயை மூடிக்கொண்டாள். டெல்மர் காலையில் சாப்பாட்டு டப்பாவோடு பாலத்தைத் தாண்டிப் போனான்.

காபி இடைவேளைகூட வரவில்லை, டெல்மரின் பிக்கப் வண்டி திரும்பி வந்து நின்றது. அவன் இறங்கினான். டப்பா திறக்கப்படவே இல்லை.

"என்னாச்சு? உடம்பு சரியில்லையா?"

"நாறுது, மார்லிஸ்."

"என்ன நாறுது?"

"அந்த இடம். ட்ரெய்லர்ல ரெண்டு இன்ச்சுதான் பத்த வெச்சேன். வாயெல்லாம் இனிப்பா, செம்புக் காச நக்கின மாதிரி. தொண்டை எரியுது. நிக்க முடியல." அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றான். முகத்தில் பயமும் வெட்கமும் சேர்ந்திருந்தன. அப்படி ஒரு முகத்தை அவள் அதுவரை பார்த்ததில்லை. "அந்தப் பசங்க ஒண்ணுமே தெரியாம நின்னுக்கிட்டு ஜோக் அடிக்கிறானுங்க. நாத்தமே அடிக்கலையாம் அவனுங்களுக்கு. நானும் இப்படித்தான் இருந்தேனா? இத்தனை வருஷமும்?"

மார்லிஸ் அருகில் வந்தாள். அவன் சட்டைக் காலரைச் சரிசெய்வதுபோலக் கையை அங்கேயே வைத்துக்கொண்டாள்.

உள்ளே ஃபோன் அடித்தது. லுவான் எடுத்து, உதட்டைப் பிதுக்கி, அவளிடம் நீட்டினாள். ராய்ஸ்தான். காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"உன் புருஷன் என்ன பண்ணிட்டுப் போயிருக்கான் தெரியுமா? என் வெல்டிங் மெஷினோட பிளக்கைப் பிடுங்கிட்டான்! ஃபேன் வெக்கிற வரைக்கும் யாரும் தொடக் கூடாதாம். என் ஆளுங்க ரெண்டு பேரும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறானுங்க, டெல்மர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு. ஏன் தங்கச்சி, இது ஐடஹோ! இங்க எந்தச் சட்டமும் என்னைக் கேக்கலியே!"

மார்லிஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். டெல்மர் பழைய தகரங்கள் கிடந்த மூலையில் குனிந்து, ஒவ்வொன்றாகப் புரட்டி, டேப்பை நீட்டி அளந்துகொண்டிருந்தான்.

"சட்டம் கேக்கல ராய்ஸ்," என்றாள். "டெல்மர் கேக்கறான்."